லுண்ட் நகரத்தின் இரண்டு அகராதிகள்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் 30 வருடமாக நான் நடத்திவரும் ஒரு செய்முறை வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வெங்காயத்தை, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளர் வாயில் உட்காரவைத்தால், மூன்றாம் நாள் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கியிருக்கும். அதன் நுனியைத் துளி அளவு வெட்டி, அமிலத்தில் லேசாகச் சூடுகாட்டி, சாயமேற்றி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். திருகக் கூடாது, நழுவவும் கூடாது. சரியாக அமைந்தால், செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் சிவப்பு நூல் துண்டுகள் போலத் தெரியும். அமையாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும், எண்ணவே முடியாது.

வெங்காயத்துக்கு ஒரு செல்லில் 16. மனிதனுக்கு? 1923இல் அமெரிக்க விலங்கியலாளர் தியோஃபிலஸ் பெயின்டர் 48 என்று எழுதினார். அப்புறம் 30 வருடத்துக்கு மேல் உலகமே 48 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதைத் திருத்திய ஊர் சுவீடனின் தெற்குக் கோடியில் இருக்கிற லுண்ட். 1666இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த சிறிய நகரம். அங்கே ஆல்பர்ட் லேவான் என்ற மரபியலாளர் இருந்தார். அடிப்படையில் தாவரங்களைப் படித்தவர். வெங்காயக் குடும்பத்துச் செடிகளோடு பல வருடம் கழித்தவர். கோல்ச்சிசின் என்ற மருந்தை வெங்காய வேரில் செலுத்தினால், பிரியப்போகும் செல்கள் பாதியில் அப்படியே நின்றுவிடுவதை 1938இலேயே விரிவாக எழுதியவர். இந்தக் கோல்ச்சிசின் நமக்கு அந்நியமில்லை. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்களே கண்வலிக்கிழங்கு, நம் செங்காந்தள், அதில் இருப்பதும் இதுதான்.

பிறகு லேவானின் கவனம் புற்றுநோய்ச் செல்களுக்குப் போனது. அந்தச் செல்லில் என்ன பிழை என்று சொல்ல வேண்டுமானால், பிழையில்லாத செல்லில் எத்தனை குரோமோசோம் என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? ஜாவாவில் பிறந்து, ஸ்பெயினில் வேலை பார்த்த ஜோ ஹின் சியோ அவரோடு ஆராய்ச்சி செய்ய லுண்டுக்கு வந்துபோவார். உப்புச்சத்து குறைந்த கரைசலில் செல்லைப் போட்டால் அது தண்ணீரை உறிஞ்சி உப்பும். உள்ளே குரோமோசோம்கள் தள்ளித் தள்ளி விலகும். அதோடு கோல்ச்சிசின், அதோடு கட்டைவிரல் அழுத்தம். 1955 டிசம்பர் 22ஆம் தேதி, ஊரே கிறிஸ்துமஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், சியோ நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினார். 46. திரும்பத் திரும்ப எண்ணினார், 46தான். அடுத்த ஆண்டு கட்டுரை வெளிவந்தது.

இதே லுண்டில்தான் இன்னொரு பெரிய வேலையும் நடந்துவந்தது. சுவீடிஷ் அகாதமியின் பேரகராதி. 1521 முதல் எழுத்தில் வந்த சுவீடிஷ் சொற்களை, எந்த ஆண்டில் எந்தப் பொருளில் வந்தன என்று மேற்கோளோடு பதிவுசெய்யும் அகராதி. கடைசித் தொகுதி 2023இல்தான் முடிந்தது. மொத்தம் 39 தொகுதிகள், சுமார் 140 ஆண்டு உழைப்பு. ஒரு தலைமுறை எழுத ஆரம்பித்த அகரவரிசையை நாலைந்து தலைமுறை தாண்டி முடித்திருக்கிறார்கள். அந்த அறையில் உட்கார்ந்து ஏதோ ஓர் எழுத்தின் நடுவில் ஓய்வு பெற்றுப் போனவர்களை நினைத்தால் எனக்கு மனசு நெகிழ்கிறது.

அந்த அகராதியில் க்ரெஃப்டா என்று ஒரு சொல் உண்டு. நன்னீரில் வாழும், கொடுக்கு வைத்த, இறால் வகைப் பிராணி. ஆகஸ்டில் சுவீடன்காரர்கள் அதை வேகவைத்து விருந்து வைப்பார்கள். கடக ராசிக்கும் அதே பெயர். பழைய சுவீடிஷில் புற்றுநோய்க்கும் அதே பெயர்தான். கட்டியைச் சுற்றிப் புடைத்த இரத்த நாளங்கள் நண்டின் காலைப் போலத் தெரிந்ததால் கிரேக்கர்கள் வைத்த பெயர், மொழி மொழியாக நகர்ந்து இப்படி வந்தது. நாம் நண்டைப் பார்க்கவில்லை, கறையான் புற்றைப் பார்த்தோம். மண்ணுக்குள் எங்கோ தொடங்கி, வெளியே மேடாக எழும்பும் புற்று. எந்த மொழியில் சொன்னாலும் அந்தச் சொல்லில் பயம் இருக்கிறது. ஒரே ஒரு நோய் போலவும் கேட்கிறது. ஆனால் அது ஒரு நோயில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள்.

லேவானுக்குப் பின்னால் அதே ஊரில் ஃபெலிக்ஸ் மிட்டல்மன் அவற்றைப் பிரித்துப் பெயர் சொல்ல ஒரு பட்டியல் போட்டார். உலகில் எங்கே யாருடைய புற்றுநோய்ச் செல்லில் எந்தக் குரோமோசோம் உடைந்தது, எது எதோடு ஒட்டியது என்று கட்டுரைகளில் வந்த ஒவ்வொன்றையும் சேர்த்தார். 1983இல் புத்தகமாக வந்தது. இன்று இணையத்தில் 70 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. என் கண்ணுக்கு அதுவும் ஓர் அகராதிதான். சொல்லுக்குப் பதிலாக உடைப்பு, மேற்கோளுக்குப் பதிலாக ஒரு மனிதர்.

அதில் மிகப் பிரபலமான பதிவு 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வது. இரத்தப் புற்றில் ஒரு வகைக்கு அதுதான் அடையாளம். இடமாறியது எது என்று துல்லியமாகத் தெரிந்ததால்தான் அதையே குறிவைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் சந்தைக்கு வந்தது.

என் அத்தைக்கு வந்தது அந்த வகைதான். பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து என் முன்னால் வைத்தார். வீட்டில் யாரும் நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் வரியை நான் சத்தமாக வாசித்தேன்: "46, எக்ஸ் எக்ஸ், டி, 9, 22." கடைசி இரண்டு எண்ணுக்கு மாத்திரை இருக்கிறது, தினமும் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "சரி, அந்த முதல் நம்பர் என்னப்பா, 46?" என்றார்.

சமையலறையிலிருந்து ஒரு வெங்காயம் எடுத்துவந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேரிலிருந்து ஆரம்பித்தேன்.