தடை போட்டால் யார் ஒப்புக்கொள்வார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கல்லூரி ஆய்வில் ஏஐ கருவிகளைத் தடை செய்வதா, நெறிப்படுத்துவதா என்பது தலைப்பு. நெறிப்படுத்துவதே சரி என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் நியூயார்க் வழக்கு ஒன்றைச் சொன்னார். 2023இல் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீதான வழக்கில், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் தாக்கல் செய்தார்கள். 5,000 டாலர் அபராதம். உண்மைதான். ஆனால் அதே உத்தரவில், நம்பகமான ஏஐ கருவியைத் துணைக்கு வைத்துக்கொள்வதே தவறாகிவிடாது என்றும் நீதிபதி எழுதியிருக்கிறாரே, ஐயா! சரிபார்க்காமல் கொடுத்தார்கள், சந்தேகம் எழுந்த பிறகும் அதையே சாதித்தார்கள். தண்டனை அதற்குத்தான்.

ஆய்வு மாணவர் எப்படிச் சரிபார்ப்பது? இந்தக் கருவி அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்தே எழுதுகிறது. அதனால் ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண் எல்லாம் அச்சு அசலாக வரும். அப்படியொரு கட்டுரை இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். திறந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள், சம்பந்தமில்லாத வேறு கட்டுரை வந்து நிற்கலாம். தலைப்பு பொருந்தினாலும் போதாது. நீங்கள் எடுத்தாளும் செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடிப் பதில் தரும் கருவிகளிடம் நான் அதிகம் அஞ்சுவது இந்த இடத்தைத்தான்: கட்டுரை மெய்யாக இருக்கும், அது சொன்னதாகக் கருவி சொல்வது பொய்யாக இருக்கும்.

புள்ளியியல் நிரல் எழுதி வாங்கினால், பத்து வரிசைத் தரவையாவது கையால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். விடுபட்ட மதிப்புகளைச் சொல்லாமல் நீக்கிவிட்டுச் சராசரி போடும் நிரல், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. நேர்காணல் பதிவுகளைப் பொதுக் கருவியில் ஏற்றவே கூடாது. பெயரை நீக்கினாலும் ஊர், தொழில், வயது மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். பேசியவர் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.

தடையை மீறினால் மென்பொருள் பிடித்துவிடும் என்கிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுதியதைக் கண்டறியும் தன் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாக அவை முத்திரை குத்தின. நடுவர் அவர்களே, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி? சொந்தமாக எழுதியவரே மாட்டிக்கொள்வார்.

நாங்கள் கேட்பது ஆய்வேட்டில் ஒரே ஒரு பக்கம். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த நாளில், எந்தப் பகுதிக்கு என்று அதன் முறையியல் இயலில் எழுதட்டும். உரையாடல்கள் பின்னிணைப்பில் இருக்கட்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதைப் புரட்டிக் கேள்வி கேட்கட்டும். தடை இருக்கும் கல்லூரியில் அந்தப் பக்கத்தை எந்த மாணவர் எழுதுவார்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.