நிகழ்ச்சி நிரலை நீங்களே போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பாதிப் படத்தில் போய் உட்காருவோம், விளம்பரம் வந்தால் சேனல் மாற்றுவோம். எந்த நேரத்துக்கு எது என்பதை நிலையத்தில் ஒருவர் முன்பே தீர்மானித்து வைத்திருப்பார். இணையக் காணொளித் தளங்களில் அந்த ஆள் இல்லை. எதைப் பார்ப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு கணினி நிரல் உங்களுக்காக முடிவு செய்துவிடும். தொலைக்காட்சியிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். இன்றைய உரையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை வித்தியாசம். ஒளிபரப்பில் கோபுரமோ செயற்கைக்கோளோ ஒரே அலையை எல்லா வீட்டுக்கும் அனுப்புகிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அலை ஒன்றுதான். இணையத்தில் அப்படியில்லை. நீங்கள் பொத்தானை அழுத்தும்போது, எங்கோ ஒரு சர்வரில், அதாவது தளத்தின் சேமிப்புக் கணினியில், இருக்கும் காணொளி உங்களுக்கென்று தனியாகப் புறப்பட்டு வருகிறது. தனியாக வருவதால்தான் நடுவில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், நள்ளிரவில் தொடங்கலாம். அதே காரணத்தால்தான் டேட்டா செலவாகிறது. எதை எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எங்கே அலுத்துப்போய் விலகினீர்கள் என்பதும் தளத்துக்குத் தெரிகிறது.

தளங்களில் சில வகைகள் உண்டு. யாரும் பதிவேற்றலாம், யாரும் பார்க்கலாம் என்பது யூடியூப் வகை. 2005 ஏப்ரல் 23 அன்று அதில் ஏறிய முதல் காணொளி 19 விநாடிதான். சந்தா கட்டிப் படங்களும் தொடர்களும் பார்ப்பது நெட்ஃபிளிக்ஸ் வகை. 1997-இல் தொடங்கி, டிவிடிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த அந்த நிறுவனம் 2007-இல் ஸ்ட்ரீமிங்குக்கு, அதாவது இணையம் வழியே நேராக ஓடவிடும் முறைக்கு, வந்தது. விளம்பரத்தோடு இலவசமாக, பழைய தொலைக்காட்சி போலவே சேனல் சேனலாக ஓடும் புளூட்டோ டிவி போன்றவையும் உள்ளன. தேர்ந்தெடுக்கச் சோம்பலான மாலைக்கு அவை நல்ல துணை. இவ்வளவு பேசப்படாத இரண்டை அவசியம் சொல்ல வேண்டும். ஒன்று, 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்களும் ஆவணப்படங்களும் அங்கே குவிந்திருக்கின்றன, பலவற்றைத் தரவிறக்கியே வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று பியர்ட்யூப். பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிய மென்பொருள் அது. ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், சிறு சிறு குழுக்கள் தத்தம் சர்வரில் நடத்தும் காணொளித் தளங்களை அது ஒன்றோடொன்று இணைக்கிறது. விளம்பரம் இல்லாத நிதானமான காணொளிகளை அங்கே தேடலாம்.

இனி இணைப்பு. உயர்தரப் படம், அதாவது 1080பி, தடையில்லாமல் ஓட விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும். 4கே படத்துக்கு 15 முதல் 20 வரை வேண்டும். தரம் குறைந்த 480பி என்றால் ஒன்றரையே தாராளம். டேட்டா கணக்கையும் மனத்திலேயே போடலாம். விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி செலவாகும். ஆகவே 5 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜிபி, 15 மெகாபிட்டில் ஏழு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. அளவுள்ள டேட்டாவில் பார்ப்பவர்கள் தரத்தை 480பியில் நிறுத்திவைத்தாலே செலவு பெரிதும் குறையும். கைபேசியின் சிறு திரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

படம் திடீரென்று மங்கிப் பிறகு தெளிவது ஏன்? காணொளி முழு நீளமாக வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைத்திருக்கிறார்கள். இணைப்பு தளரும்போது செயலி அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்டு வாங்குகிறது; வேகம் திரும்பியதும் தரம் கூடுகிறது. அதற்கும் ஈடுகொடுக்க முடியாதபோதுதான் நடுவில் வட்டம் சுற்றுகிறது. அப்போது இணைய நிறுவனத்தைக் குறை சொல்லுமுன் வீட்டுக்குள்ளே பாருங்கள். வைஃபையில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின், அதாவது வைஃபை பரப்பும் பெட்டிகளின், நெரிசலில் சிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் கம்பியாலேயே இணைத்துவிடுங்கள், பாதித் தொல்லை அதோடு தீரும்.

டிவியில் செயலிகள் இல்லையென்றால் புது டிவி வாங்க வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று போதும். அதற்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்க வேண்டாம். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் அதற்கு மேல் இழுக்கும்போது தானாக அணைந்து அணைந்து எரியும். பெட்டியில் வந்த அடாப்டரையே சுவரில் செருகுங்கள்.

கைபேசியிலிருந்து டிவிக்கு அனுப்புவதிலும் இரண்டு முறைகள் உண்டு, பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். காஸ்ட் செய்யும்போது கைபேசி உத்தரவு மட்டும் போடுகிறது. டிவி நேராக இணையத்திலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் கைபேசியில் வேறு வேலை பார்க்கலாம். மிரரிங் செய்தால் கைபேசியின் திரை அப்படியே போகிறது; பேட்டரி கரையும், படம் தடுக்கும். காஸ்ட் பட்டியலில் டிவி தெரியவில்லையா? இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விருந்தினருக்கான தனி வைஃபையில் கைபேசி மாட்டியிருப்பதே பெரும்பாலும் காரணம்.

இன்னொன்று: உயர்தரத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறீர்கள், இணையமும் வேகம், ஆனாலும் சந்தா தளத்தின் படம் மங்கலாகவே இருக்கிறது, யூடியூப் மட்டும் தெளிவு. இது பெரும்பாலும் கருவியின் குறை. சந்தா தளங்கள் காப்புப் பூட்டுப் போட்டே படத்தை அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு கருவிகளில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன். எல் 1 சான்று பெற்ற கருவிக்குத்தான் உயர்தரம். எல் 3 கருவிக்குப் பெரும்பாலும் 480பியோடு சரி. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி அது.

சந்தாவே இல்லாமல் எல்லாப் படமும் வரும் என்று சொல்லி விற்கப்படும் பெயர் தெரியாத பெட்டிகளை வீட்டுக்குள் விடாதீர்கள். அவற்றில் சில தொழிற்சாலையிலிருந்தே தீநிரலோடு, அதாவது கெடுதல் செய்யும் மென்பொருளோடு, வருகின்றன. உங்கள் இணைப்பை அந்நியர்களின் குற்றச் செயலுக்கு வழியாக்குகின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ இது பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது.

இனி தேர்வுக்கு வருவோம். பரிந்துரை செய்யும் நிரல் உங்கள் ரசனையை அறியாது, உங்கள் நடத்தையைத்தான் அறியும். தூக்கக் கலக்கத்தில் ஓடவிட்ட நான்கு காணொளிகளும் அதன் கணக்கில் உங்கள் விருப்பம். ஆகவே முதல் வேலையாக, அடுத்ததைத் தானாக ஓடவிடும் ஆட்டோபிளேயை அணையுங்கள். ஒன்று முடிந்ததும் திரை நிற்கட்டும். அந்த நிற்றலில்தான் அடுத்து என்ன என்று யோசிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. பிடிக்காதது வந்தால் வெறுமனே தாண்டிப் போகாமல், மூன்று புள்ளியை அழுத்தி ‘ஆர்வமில்லை’ என்றோ ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்றோ சொல்லுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வையுங்கள். குழந்தை பார்த்த கார்ட்டூன் தாத்தாவின் பக்கத்தை நிரப்புவது அப்போது நிற்கும். யூடியூப்பில் பார்வை வரலாற்றை நிறுத்திப் பழையதையும் அழித்துவிட்டால், முகப்பில் பரிந்துரைகளே வராது. வெறும் தேடல் பெட்டியோடு இருக்கும் அந்தப் பக்கம் முதலில் விநோதமாகத் தெரியும். ஆனால் எதைத் தேடி வந்தோம் என்பது மறக்காமல் இருக்கிறது.

தேடுவதிலும் பழக்கம் வேண்டும். தமிழ் எழுத்தில் தட்டினால் ஒரு வரிசை வரும். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் வேறு வரிசை. பதிவேற்றியவர் தலைப்பை எப்படி எழுதினாரோ அதைப் பொறுத்தது இது. இரண்டையும் போட்டுப் பாருங்கள். முடிவுகள் வந்ததும் வடிகட்டியைத் திறந்து 20 நிமிடத்துக்கு மேல் என்று வையுங்கள். அரை நிமிடத் துணுக்குகள் எல்லாம் உதிர்ந்து, விரிவுரைகளும் ஆவணப்படங்களும் மேலே வரும். நல்லதைக் கண்டெடுக்க இதைவிட எளிய வழி இல்லை என்பது என் கருத்து. நல்ல காணொளி ஒன்று கிடைத்தால் அதோடு விட்டுவிடாமல் அந்தச் சேனலுக்குள் போய் அதன் பிளேலிஸ்டுகளைப் பாருங்கள். பொறுப்பாகச் செய்கிறவர்கள் பாடங்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

கிடைத்தவற்றைக் கொண்டு வாரத்துக்கான நிகழ்ச்சி நிரலைப் போடுவது அடுத்த படி. கிழமைக்கு ஒரு பிளேலிஸ்ட் தொடங்குங்கள். பகலில் கண்ணில் பட்டதை உடனே பார்க்காமல் அதில் சேர்த்துவிட்டு, மாலையில் டிவியில் அந்தப் பட்டியலை மட்டும் திறங்கள். ஒரு நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். மிஞ்சினால் பட்டியல் பாரமாகி, அதைத் திறக்கவே மனம் வராது. கைவேலை கற்றுக்கொள்பவர்கள் வேகத்தை 0.75 மடங்காகக் குறைக்கலாம். கணினியில் காணொளியை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் படம் ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னும் முன்னும் நகரும். விரல் எந்த இடத்தில் முடிச்சைப் பிடிக்கிறது என்பதுவரை தெரியும். தொலைக்காட்சியால் இதைத் தரவே முடியாது.

சந்தாக்களைப் பொறுத்தவரை, எல்லாத் தளத்துக்கும் ஒரே நேரத்தில் கட்டுவது வீண். ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று என்று மாறி மாறிப் போகலாம். சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். கட்டிய காலம் முடியும்வரை பெரும்பாலும் பார்க்கத் தடை இருக்காது. செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. கைபேசியின் ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேயே போய்த்தான் நிறுத்த வேண்டும். தளத்தில் இருக்கும் படம் என்றும் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். உரிம ஒப்பந்தம் முடிந்த நாளில் எடுத்துவிடுவார்கள். தரவிறக்கி வைத்ததும் செயலிக்குள்ளேயே காலாவதியாகும்.

ஒரு விஷயத்தில் பழைய அலைக்கு இணையம் இன்னும் ஈடாகவில்லை. நேரலையைத் துண்டுகளாக்கி அனுப்பும் முறையில், ஆறு விநாடித் துண்டு மூன்றைச் சேர்த்துக்கொண்டே செயலி ஓடத் தொடங்கும். அதிலேயே 18 விநாடி போய்விடும், படத்தைச் சுருக்கி அனுப்பும் நேரம் தனி. பக்கத்து வீட்டில் கோலுக்குக் கைதட்டிய பிறகு உங்கள் திரையில் ஆட்டக்காரர் பந்தை உதைப்பது இதனால்தான். புயல், வெள்ள நாட்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்தில் குவியும்போது அது திணறும், கைபேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி ஓயும். ஆகவே ஆன்டெனாவைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். பேட்டரியில் ஓடும் வானொலி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.