பழைய ஜெர்மன் கப்பல் படத்துல இருக்கிற கொடி யாரோடது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறேன், ஏன்னா அதுக்குள்ளயே மூணு கேள்வி இருக்கு. நேயர் கேட்டிருக்கிறது இதுதான்: "என்கிட்ட ரெண்டு புகைபோக்கி உள்ள ஒரு ஜெர்மன் பயணிகள் கப்பலோட கலர் போஸ்ட்கார்டு இருக்கு. பின்பக்கம் மூணு பட்டைக் கொடி, நடு மரத்து (பாய்மரம், அதாவது கொடி ஏத்துற உயரமான கம்பம்) உச்சியில வேற ஒரு கொடி, அதுல குறுக்கா ரெண்டு சின்னம், முன் மரத்துல அமெரிக்கக் கொடி. அப்போ அது எந்த நாட்டுக் கப்பல்? நடுவுல இருக்கிறது எந்தக் கம்பெனிக் கொடி? இன்னொரு கறுப்பு வெள்ளை போட்டோவுல அதே மாதிரி ஒரு கப்பல், ஆனா நடுக்கொடி வெறும் வெள்ளைத் துணியாத் தெரியுதே, ஏன்?"

முதல்ல கொடி பறக்கிற இடத்தைப் பாருங்க. கொடியில என்ன இருக்குங்கிறதை அப்புறம் பார்க்கலாம். நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். பின்பக்கக் கம்பத்துல பறக்கிறது கப்பல் பதிவான நாட்டோட கொடி. முன் மரத்துல பறக்கிறது போற நாட்டோட கொடி. நியூயார்க் போற கப்பல் அமெரிக்கக் கொடியை முன்னால ஏத்தும். அதைப் பார்த்து அமெரிக்கக் கப்பல்னு முடிவு பண்ணிடக் கூடாது. நடு மரத்து உச்சிதான் கம்பெனிக் கொடிக்கான இடம். ஹவுஸ் ஃப்ளாக்னு நம்ம மாலுமிங்க சொல்றது இதைத்தான். ஜெர்மன்ல ரீடெரைஃப்ளாகே, ஹாம்பர்க்ல பழைய பேச்சுல கோன்டோர்ஃப்ளாகே, அதாவது 'ஆபீஸ் கொடி'. மரங்கள் குறைஞ்சு ஒத்தை சிக்னல் மரம் மட்டும் இருக்கிற பிற்காலக் கப்பல்கள்ல, போற நாட்டுக் கொடி வலது பக்கம், அதாவது ஸ்டார்போர்டு பக்கக் குறுக்குக் கம்பத்துலயும், கம்பெனிக் கொடி இடது பக்கத்துலயும் ஏறும். தபால் கப்பலா இருந்தா இன்னொரு கொடியும் சேரும். ஜெர்மன் பேரரசுக் காலத்துல அது கறுப்பு வெள்ளை சிவப்புக் கொடி, நடுவுல கிரீடமும் தபால் ஊதுகொம்பும். அதையும் கம்பெனிக் கொடின்னு எடுத்துக்கிறவங்க உண்டு.

பின்பக்கக் கொடி கம்பெனியைச் சொல்லாது, ஆனா காலத்தைச் சொல்லிடும். அதனால அதையும் விடாதீங்க. 1867-க்கு முன்னாடி ஜெர்மன் வணிகக் கொடின்னு பொதுவா ஒண்ணு கிடையாது. ஹாம்பர்க் கப்பல் சிவப்புல வெள்ளையா கோட்டைச் சின்னம் போட்ட ஊர்க் கொடியோடவும், பிரேமன் கப்பல் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடியோடவும் போகும். அந்தப் பிரேமன் கொடிக்கு ஊர்ல 'பன்றிக்கொழுப்புக் கொடி'ன்னே செல்லப் பேரு, பட்டை அப்படி அடுக்கா இருக்கும். 1867-லேர்ந்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு. 1919 அரசியல் சட்டத்துல நாட்டுக் கொடி கறுப்பு, சிவப்பு, பொன் ஆச்சு, ஆனா வணிகக் கப்பலுக்குப் பழைய கறுப்பு வெள்ளை சிவப்பே தொடர்ந்தது, மேல் மூலையில மட்டும் புதுக் கொடியைச் சின்னதா வச்சாங்க. 1933-ல அந்த மூலை போச்சு. 1935-லேர்ந்து ஸ்வஸ்திகா. போர் முடிஞ்ச பிறகு, 1946 நவம்பர்ல நேச நாடுகளோட கட்டுப்பாட்டுக் குழு போட்ட சட்டப்படி ஜெர்மன் கப்பலுக்கு நாட்டுக் கொடியே இல்லை. சர்வதேச சிக்னல் கொடிகள்ல 'சி' எழுத்துக்கான நீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைக் கொடியை வாங்கி, பறக்கிற ஓரத்துல முக்கோணமா வெட்டி விட்டு அதைத்தான் ஏத்தணும். 1951 பிப்ரவரியில கொடிச் சட்டம் வந்த பிறகுதான் மேற்கு ஜெர்மன் கப்பல்ல கறுப்பு சிவப்பு பொன். உங்க கார்டுல மூலையில எதுவும் இல்லாத மூணு பட்டைன்னா, பெரும்பாலும் 1867-க்கும் 1919-க்கும் இடைப்பட்டது.

ஒரு பொறி இருக்கு. அதே கறுப்பு வெள்ளை சிவப்புக் கொடி நடுவுல இரும்புச் சிலுவை தெரிஞ்சா, அது போர்க்கப்பல்னு நினைக்காதீங்க. கேப்டன் கடற்படையோட ரிசர்வ் அதிகாரியா இருந்தா, சாதாரண பயணிகள் கப்பல்லயே அந்தச் சிலுவைக் கொடியை ஏத்த 1896-லேர்ந்து அனுமதி இருந்தது.

இப்போ நடுக்கொடிக்கு வருவோம். 1900-ஐ ஒட்டின வருஷங்கள்ல பெரிய ஜெர்மன் பயணிகள் கப்பல்னா ரெண்டு கம்பெனிதான்: ஹாம்பர்க்ல 1847-ல தொடங்கின ஹபாக், பிரேமன்ல 1857-ல தொடங்கின நோர்ட்டாய்ச்சர் லாய்ட். ரெண்டு கம்பெனியோட பெரிய கப்பலுக்கும் புகைபோக்கி மஞ்சள். அதனால புகைபோக்கியை வச்சு இந்தக் காலத்துக் கப்பலைப் பிரிக்கவே முடியாது. நடுக்கொடிதான் பதில் சொல்லணும்.

ஹபாக் கொடியை மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி நாலாப் பிரிச்சு, வெள்ளையும் நீலமும் மாத்தி மாத்திப் போட்டிருப்பாங்க. நடுவுல கறுப்பு நங்கூரம், அதுமேல மஞ்சள் கேடயம், கேடயத்துல கம்பெனிப் பேரோட அஞ்சு முதல் எழுத்து. கம்பெனியோட முழுப் பேரு வாய்க்குள்ள நுழையாது, அந்த அஞ்செழுத்தே கடைசியில பேராயிடுச்சு. சென்னைக்காரங்களுக்கு ஒரு தகவல்: 1914 செப்டம்பர் 22-ல சென்னையைச் சுட்ட எம்டன் போர்க்கப்பல், ஆனா அதுக்கு நிலக்கரி சுமந்துகிட்டுக் கூடவே வந்த மார்கோமானியா ஹபாக் கம்பெனிக் கப்பல்.

லாய்டு கொடி வெள்ளை. நடுவுல நீலத்துல ஒரு சாவியும் நங்கூரமும் குறுக்குக் குறுக்கா, மேல ஓக் இலை மாலை. அந்தச் சாவிதான் விடை. பிரேமன் ஊரோட சின்னம் புனித பீட்டரோட சாவி, ஊர்க் கதவுலேர்ந்து பழைய காசு வரைக்கும் அங்க எல்லாத்துலயும் அது இருக்கும். நங்கூரம் ரெண்டு கம்பெனிக் கொடியிலயும் இருக்கு, அதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. சாவியோட பல் தெரியுதான்னு பாருங்க. நீங்க "குறுக்கா ரெண்டு சின்னம்"னு சொன்னது எனக்கு லாய்டாத்தான் படுது. கொழும்புத் துறைமுகப் பழைய படங்கள்லயும் இதே கொடி கண்ணுல படும், ஏன்னா 1886-லேர்ந்து லாய்டோட அரசு மானியத் தபால் கப்பல்கள் சூயஸ், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் வழியா ஷாங்காய் வரைக்கும் ஓடின.

கலர் போஸ்ட்கார்டை முழுசா நம்பாதீங்க. அந்தக் காலத்துல கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்துல பின்னால வண்ணம் சேர்த்தாங்க. கொடி மாதிரி சின்ன இடத்துல நிறம் தப்பா விழறது சகஜம். வடிவத்தை நம்புங்க, நிறத்தைச் சந்தேகப்படுங்க.

இப்போ வெள்ளைத் துணி விஷயம். உண்மையில இதுதான் நல்ல கேள்வி. அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுல பூசின மருந்து நீல வெளிச்சத்துக்குத்தான் நல்லா வேலை செய்யும், சிவப்புக்கு வேலையே செய்யாது, மஞ்சளுக்குக் கொஞ்சம்தான். அதனால பிரிண்டுல நீலம் வெளுத்துப் போகும், சிவப்பு கறுப்பாகும், மஞ்சள் கறுத்த சாம்பலாகும். இதைக் கொடி மேல வச்சுப் பாருங்க. லாய்டு கொடியில வெள்ளைக்கு மேல நீலம், ரெண்டும் வெளிறி ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சிடும், சாவி காணாமப் போயிடும். ஹபாக் கொடியிலயும் நீலமும் வெள்ளையும் கரைஞ்சிடும், ஆனா நடுவுல கறுப்பு நங்கூரமும் மஞ்சள் கேடயமும் இருக்கு, அது கறுத்த பொட்டா நிக்கும். அப்போ மஞ்சள் புகைபோக்கி உள்ள பெரிய கப்பல், நடுக்கொடி வெறும் வெள்ளைன்னா லாய்டு. வெள்ளையில கறுத்த பொட்டுன்னா ஹபாக். உங்க ரெண்டாவது போட்டோ முதல் வகை. சரிபார்க்கணும்னா பின்பக்கக் கொடியைப் பாருங்க. மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஒரே மாதிரி கறுப்பாத் தெரிஞ்சா, தட்டு சிவப்பைப் பார்க்காத வகைன்னு உறுதி, நான் சொன்ன கணக்கு அப்படியே செல்லும். கீழ்ப்பட்டை சாம்பல் நிறமா மேல்பட்டையிலேர்ந்து பிரிஞ்சு தெரிஞ்சா, எல்லா நிறத்தையும் பார்க்கிற பிற்கால ஃபிலிம், அப்போ இந்தக் கணக்கைப் போடாதீங்க.

ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி கார்டை லென்ஸ் வச்சுப் பாருங்க. புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அது அச்சு, 600 டிபிஐக்கு மேல போனாலும் புள்ளிதான் பெருசாகும், விவரம் கூடாது. புள்ளி இல்லைன்னா பெரும்பாலும் அசல் போட்டோ பிரிண்ட், 1200 டிபிஐ, 16 பிட் கிரேஸ்கேல்ல எடுங்க. அப்புறம் கொடி இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி, படம் திருத்துற மென்பொருளோட லெவல்ஸ்ல வெளிச்சப் பக்கத்தை மட்டும் இழுத்து விரிங்க. கரைஞ்சு போன சாவி மங்கலா மேல வர வாய்ப்பு உண்டு. ஷார்ப்பன் பட்டனை இதுக்கு முன்னாடி தொடாதீங்க, இல்லாத கோட்டையெல்லாம் அது வரைஞ்சு விட்டுடும்.

மத்த கம்பெனிகளை வேகமாப் பார்த்துடலாம். ஹாம்பர்க் ஸூட், 1871: ஹபாக் மாதிரியே மூலைக்கு மூலை பிரிச்சது, ஆனா சிவப்பும் வெள்ளையும், எச், எஸ், டி, ஜி எழுத்துகளோட. பழைய போட்டோவுல சிவப்பு கறுத்துடும்கிறதால ஹபாக்கோட குழம்ப வழியில்லை. ரிக்மர்ஸ்: பச்சை, சிவப்பு, வெள்ளைப் பட்டை, நடுவுல 'ஆர்'. அந்த நிறங்கள் ஹெல்கோலாண்ட் தீவோடது, குடும்பத்தைத் தொடங்கினவர் அந்தத் தீவுக்காரர். பச்சை நிலம், சிவப்புப் பாறை விளிம்பு, வெள்ளை மணல்னு அங்க சொல்வாங்க. பாய்க்கப்பலுக்குப் பேர் போன லைஸ்: வெள்ளையில சிவப்பா எஃப், எல். கப்பல் பேரெல்லாம் 'பி'யில தொடங்கும்: பெக்கிங், பஸாட், பமீர், போமர்ன். பிரேமன்காரங்களான டிடிஜி ஹன்சா, 1881-லேர்ந்து 1980 வரைக்கும் இருந்தது, இந்தியாப் பக்கம் நிறைய ஓடினது. அவங்க அடையாளம் கறுப்பு மால்டீஸ் சிலுவை. அதைக் கடற்படையோட இரும்புச் சிலுவைன்னு தப்பா எழுதுறாங்க. பேரு 'ஃபெல்ஸ்'னு முடிஞ்சா ஹன்சா கப்பல்தான். 1943 மார்ச்சில கோவா மர்மகோவா துறைமுகத்துல மூழ்கடிக்கப்பட்ட எரன்ஃபெல்ஸ், டிராகன்ஃபெல்ஸ், பிரவுன்ஃபெல்ஸ் மூணும் இவங்களோடதுதான்.

எழுத்து உள்ள கொடியில ஒண்ணு கவனிங்க. மெல்லிய கம்பளித் துணிங்கிறதால மறுபக்கத்துலேர்ந்து பார்த்தா எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பி இருக்கும். அதுக்காக நெகட்டிவைத் தலைகீழா வச்சுப் பிரிண்ட் போட்டுட்டாங்கன்னு அவசரப்படாதீங்க. கப்பல் பேரு நேரா இருந்தா படம் சரி, கொடியோட பின்பக்கத்தைப் பார்க்கிறீங்க, அவ்வளவுதான். 'எச்', 'ஏ' ரெண்டும் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், ஹபாக் கேடயத்துல 'பி', 'ஜி'யைப் பார்த்தாதான் எந்தப் பக்கம்னு தெரியும்.

நடுமரத்துல கொடியே இல்லாத படமும் வரும். நடுக்கடல்ல எடுத்திருப்பாங்க. காத்துல பறக்கிற ஓரம் பிஞ்சு நூல் நூலாப் போகும், புகைபோக்கிக் கரி வேற படியும். அதனால துறைமுகத்துக்குள்ள நுழையும்போதும் கிளம்பும்போதும் விசேஷ நாளிலயும்தான் ஏத்துவாங்க.

கடைசியா, கேள்வியோட வாலா ஒண்ணு கேட்டிருக்கீங்க, ஹபாக்கும் லாய்டும் ஒண்ணானா எந்தக் கொடி மிஞ்சுச்சுன்னு. 1930-ல ரெண்டும் கூட்டு ஒப்பந்தம் போட்டாங்க, ஆனா கம்பெனிகள் தனித்தனியாவே இருந்தன. அந்த ஒப்பந்தத்தை வச்சு 1930-களோட படங்களை 'ஹபாக்-லாய்டு கப்பல்'னு எழுதாதீங்க, கொடியைப் பார்த்து எதுன்னு பிரிச்சு எழுதுங்க. முழுசா ஒண்ணானது 1970 செப்டம்பர் 1. அதுக்கப்புறம் ஆரஞ்சு புகைபோக்கியும் நீல முத்திரையும்தான் அடையாளம். இன்னைக்கு ஒரு கன்டெய்னர் கப்பலோட பக்கத்துல பெருசா ஹபாக்-லாய்டுன்னு எழுதியிருந்தாலும் கப்பல் அவங்களோடதா இருக்கணும்னு இல்லை. காலவாடகைக்கு எடுக்கிற ஒப்பந்தங்கள்ல, எடுக்கிறவர் தன் கொடியை ஏத்திக்கலாம், தன் நிறத்தைப் பூசிக்கலாம், திருப்பிக் கொடுக்கும் முன்னாடி தன் செலவுல பழைய நிறத்துக்கே மாத்தித் தரணும்னு ஒரு ஷரத்து வைக்கிற வழக்கம் உண்டு. உரிமையாளர் யாருன்னு தெரியணும்னா கப்பலோட ஏழு இலக்க ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணை வச்சுத் தேடிப் பாருங்க. பெயின்ட் மாறினாலும் அது மாறாது.