கிணற்றிலிருந்து அளந்து வருகிறோம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்புவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் நில அளவையாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்ணீர் வரவழைக்கும் பேச்சு என்னிடம் இல்லை; காணி, எல்லை, கிணறு இவற்றைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமம் வடக்கைப் பொறுத்தவரை ஊர் திரும்புவது என்பதே பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

1990 ஜூன் மாதத்தில் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை, வசாவிளான் பக்கத்துச் சனங்கள் போரால் எழும்பிப் போனது உங்களுக்குத் தெரிந்த கதை. அதன் பிறகு அந்த நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் போனவர்களைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களிலேயே தங்கிவிட்டவர்களை எண்ணிப் பாருங்கள். சைக்கிளை மிதித்தால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம். நடுவில் முள்வேலி. முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்த முகாமிலேயே பிள்ளை பிறந்துவிட்டது.

போர் முடிந்த பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலை 3-ஆம் திகதிதான் திறந்துவிடப்பட்டது. அன்று மேடை இருந்தது, மாலை இருந்தது, பேச்சும் இருந்தது. விடுவிப்பு விழாக்களில் பேசுகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் போய்விடுவார்கள். எங்கள் வேலை அதற்கு மறுநாள்தான் தொடங்கும்.

பொலித்தீன் பைக்குள் காணி உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தை, பத்திரமாகச் சுற்றிக்கொண்டு ஒருவர் வருவார். முகாம் மாறியபோதும், கூரை ஒழுகியபோதும், பிள்ளையை இழந்தபோதும் அந்தப் பையை மட்டும் விடாமல் வைத்திருந்தவர். உள்ளே நுழைந்ததும் திகைத்து நிற்பார். வீடு இல்லை, அதை அவர் எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார். ஆனால் ஒழுங்கையும் இல்லை, வேலியும் இல்லை. கிளுவையும் பூவரசும் நட்டு, கதியால் போட்டு, கிடுகால் அடைத்த வேலிகள்தான் எங்கள் ஊர்களின் வரைபடம். புல்டோசர் ஓடிய இடத்தில் அந்த வரைபடம் ஒரே வெளியாகிவிடும். ஓடாத இடத்தில் நாயுண்ணியும் இப்பிலிப்பில்லும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கிடக்கும். பத்துப் பரப்புக் காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

உறுதியை வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். உறுதியில் என்ன எழுதியிருக்கிறது? வடக்கே ஒழுங்கை. கிழக்கே இன்னாரின் மகள் இன்னாரின் காணி. தெற்கே இன்னாரின் முதுசம். மேற்கே இன்னாரும் பங்காளரும். கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரித்தும். நான்கு எல்லைகளில் மூன்று, மனிதர்களின் பெயர்கள். அந்த மனிதர்களில் ஒருவர் முகாமில் காலமாகியிருப்பார். ஒருவரின் பிள்ளைகள் ஐந்து பேரும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று ஐந்து இடத்தில் இருப்பார்கள். ஒருவரைப் பற்றி ஒரு தகவலும் இருக்காது. அயலவர் வராத காணியின் உறுதி, கையில் இருந்தும் பாதிதான் பேசும்.

அதனால் நாங்கள் கிணற்றைத் தேடுவோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து இறங்கிய கிணறுகள்தான் எங்களை வாழவைத்தவை. வீட்டை இடித்துக் கொண்டுபோய்விடலாம். கதவு, நிலை, ஓடு எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். கல்லில் குடைந்த கிணற்றைப் பெயர்த்துக் கொண்டுபோக வழியில்லை. இடிபாடுகளைக் கொட்டி மூடியிருந்தாலும், புதரை வெட்டிவிட்டால் கட்டின் வட்டம் தெரியும். ஒரு கிணறு இன்னாருடையதுதான் என்று உறுதியாகிவிட்டால், பழைய அளவைப் படத்தை விரித்து அங்கிருந்து நாடா பிடிக்கலாம். அடுத்த காணி பிடிபடும். அதிலிருந்து அதற்கடுத்தது.

அந்த முதல் கிணற்றை அடையாளம் காட்டியவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள் என்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. 1707-இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிய தேசவழமை என்னும் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்துக்கும் முன்பிருந்தே எங்களிடம் காணி சீதனமாகப் பெண்ணுக்குப் போகிறது. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார், காணி அவளுடையது. தண்ணீர் அள்ளியவளும் அவள்தான். ஒரு அம்மா, "துலாக்காலில் இருந்து பார்த்தால் கோயில் கோபுரம் வலது தோளுக்கு நேரே வரும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் இறைக்கும் அந்தத் துலாவே இல்லாத இடத்தில் போய் நின்று உடம்பைத் திருப்பிக் காட்டினார். புதரை வெட்டினோம். கட்டு இருந்தது. என் கருவிகளைவிட அவருடைய தோள் திருத்தமாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

கிணறு கிடைத்தாலும் உடனே குடிக்க முடியாது. உள்ளே என்ன கிடக்கிறது என்று கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு தூர் வாரி, இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைக்க வேண்டும். அதிலும் அவசரம் கூடாது. எங்கள் நன்னீர், கீழே இருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. பெரிய மோட்டர் பூட்டி ஒரேயடியாக உறிஞ்சினால் உவர் ஏறிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் ஆசையோடு வாங்கிக் கொடுக்கும் முதல் பொருளே அந்த மோட்டர்தான், என்ன செய்வது!

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோர இலங்கைச் சட்டத்தில் இடமுண்டு. போரால் தம் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு அது அநியாயமாக முடியும் என்பதற்காக 2016-இல் தனியாக ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் சட்டம் உரிமையைக் காப்பாற்றலாம், எல்லையைக் காட்டித் தராது. எல்லையைக் காட்ட ஆள் வேண்டும். அந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னும் விடுபடாத காணிகள் இருக்கின்றன. ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம், முக்கியமாக வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம், ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதியில் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ ஒரு தாளைக் கொடுத்து வளவைக் கீறச் சொல்லுங்கள். கிணறு எங்கே, கிணற்றில் நின்றால் எது தெரியும், எந்தப் பக்கத்தில் யார் என்று பேரோடு கேட்டு எழுதுங்கள். உறுதியைப் பிரதி எடுத்து, அதில் கிழக்கே எழுதியிருக்கும் பெயர்க்காரரின் குடும்பம் இன்று எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அவர்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். அவர்களுடைய உறுதியில் மேற்கு எல்லையாக உங்கள் அம்மம்மாவின் பெயர்தான் இருக்கும்.

வணக்கம்.