பழைய பிக்கப், புது சேசிஸ்: வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும்?

(காட்சி: வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசை. விரித்த பழைய தமிழ் முரசு. அதன் மேல் 1:25 அளவில் ஒரு பிக்கப் மாடல். பாடி தனியாக, சேசிஸ் எனும் அடிச்சட்டம் தனியாக.)

வணக்கம். இந்த மேசையில் இருப்பது பொம்மை. உண்மையான வண்டி டெக்சஸில், என் மாமா பையனின் கொட்டகையில் இருக்கிறது. எனக்கு சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் லாரி பழுதுபார்க்கும் வேலை. இங்கே இரவு பத்து மணியானால் கோடைக்காலத்தில் அங்கே காலை ஒன்பது. அவன் காப்பியோடு போனை எடுப்பான், நான் சாப்பிட்டுவிட்டு எடுப்பேன்.

இதை ஏன் பொம்மையில் காட்டுகிறேன் என்று கேட்கலாம். சிங்கப்பூரில் சேசிஸில் கைவைக்க நிலப் போக்குவரத்து ஆணையம் விடாது. 35 வயது தாண்டிய வண்டிக்குக் கிளாசிக் திட்டம் ஒன்று உண்டு, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். ஆனால் பழைய பாடியை வேறு சேசிஸில் ஏற்றுவது வேறு கதை. ஆகவே நமக்குப் பொம்மைதான்.

(காட்சி: போனில் ஒரு படம். முன்சக்கர டயரின் தோளில் வெள்ளையாகத் தேய்ந்த கோடு.)

அவன் வாங்கியது 1952 செவ்ரலே 3100. முன்னால் ஒரே கட்டை ஆக்சில், பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பார்க்க அழகு, நெடுஞ்சாலையில் பிரேக் மிதித்தால் பயம். அதனால் செவ்ரலே எஸ்-10 பிக்கப் ஒன்றின் சேசிஸை வாங்கி, அதன் மேல் பழைய பாடியை வைக்கிறான். முன்பக்கம் டிஸ்க் பிரேக், தனித்தனி சஸ்பென்ஷன், பவர் ஸ்டியரிங் எல்லாம் ஒரே மூட்டையாக வந்துவிடும். அமெரிக்காவில் பலரும் செய்கிற வேலைதான்.

போன மாதம் அந்தப் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"மச்சான், டயர் ஃபெண்டர்ல உரசுது. பாடி வச்சப்ப நல்லா இடம் இருந்துச்சுடா."

"வச்சப்ப சேசிஸ் மேல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் சேசிஸ்தான்."

அங்கேதான் கோளாறு. எஸ்-10இன் கேபின், பின்னால் இருக்கும் சரக்குப் பெட்டி, இன்ஜின் எல்லாவற்றையும் கழற்றினால் ஸ்பிரிங்குக்குச் சுமை போய்விடும். அது நிமிரும், சேசிஸும் கூடவே எழும்பும். அந்த எழும்பின நிலையில் பாடியை வைத்து, சக்கரம் ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) வளைவின் நடுவில் அழகாக இருக்கிறது என்று பார்த்து, பாடியைச் சேசிஸில் தாங்கும் மவுண்ட்டை எல்லாம் வெல்டிங் செய்துவிட்டான். பிறகு இன்ஜின், ரேடியேட்டர், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் ஏற, முன்பக்கம் 45 மில்லிமீட்டர் இறங்கியது. அத்தனை மவுண்ட்டையும் கிரைண்டர் போட்டு அறுக்க வேண்டியதாயிற்று. இரண்டு வார வேலை வீண்.

சரி, சரியான முறைக்கு வருவோம்.

(காட்சி: மாடல் சேசிஸைக் கையில் பிடித்து, பக்கவாட்டில் காட்டுகிறேன்.)

உயரம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. சக்கரத்திலிருந்து பார்த்தால் சேசிஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்பது சஸ்பென்ஷன் உயரம். சேசிஸின் மேல் பாடி எவ்வளவு மேலே உட்கார்கிறது என்பது மவுண்ட் உயரம். வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டுமென்றால் இரண்டில் எதைக் குறைத்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான். ஓட்டும்போது ஒன்றில்லை. சஸ்பென்ஷனை அளவுக்கு மேல் இறக்கினால் சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்ம்களின் கோணம் கெடும், சக்கரம் சாயும், மேடு வந்தால் ரப்பர் ஸ்டாப்பரில் போய் முட்டும். பாடியை இறக்கினால் இது எதுவும் நடக்காது. ஆகவே என் கட்சி இது: சஸ்பென்ஷன் அதைச் செய்த கம்பெனி சொன்ன இடத்திலேயே இருக்கட்டும், அழகுக்கு மவுண்ட்டில் விளையாடுங்கள். இன்னும் தாழ்வு வேண்டுமானால் சக்கரம் பூட்டும் துண்டை மாற்றி டிராப் ஸ்பிண்டில் போடலாம். சக்கரத்தின் அச்சு மேலே போகும், ஆர்ம்கள் பழைய கோணத்திலேயே நிற்கும்.

கம்பெனி சொன்ன இடம் எது? ஜெனரல் மோட்டார்ஸ் சர்வீஸ் புத்தகங்களில் முன்பக்கத்துக்கு இசட் உயரம், பின்பக்கத்துக்கு டி உயரம் என்று கொடுத்திருப்பார்கள். இசட் என்பது சுருக்கமாகச் சொன்னால் கீழ் ஆர்ம் சேசிஸில் பூட்டியிருக்கும் போல்ட்டுக்கும் வெளிமுனை பால் ஜாயின்ட்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு. டி என்பது பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடைவெளி. இரண்டிலும் ஃபெண்டர் வரவே இல்லை, கவனித்தீர்களா? நம் ஃபெண்டர் வேறு வண்டியுடையது. அதன் விளிம்பிலிருந்து தரைக்கு டேப் பிடித்தால் சஸ்பென்ஷன் எங்கே நிற்கிறது என்பது தெரியாது.

அதற்கும் முன்னால் டயர். முதலில் டயர் வாங்குங்கள், கடைசியில் அல்ல. 235/70ஆர்15 என்று எடுத்துக்கொள்வோம். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். 235 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். டயரின் பக்கச்சுவர் அதில் 70 விழுக்காடு, அதாவது 164.5. மேலும் கீழுமாக இரண்டு, 329. கூட்டினால் 710. சுமை ஏறினால் அடிப்பக்கம் கொஞ்சம் நசுங்கும், அதையும் கணக்கில் வையுங்கள். மாடலில் இதே டயர் 28.4 மில்லிமீட்டர், நம் ஒரு வெள்ளி நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது.

(காட்சி: மாடலின் சஸ்பென்ஷனில் பல்குத்தும் குச்சித் துண்டு பசை வைத்து ஒட்டப்படுகிறது.)

இப்போது முக்கியமான வேலை. காயில் ஸ்பிரிங்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஷாக் அப்சார்பர் இருந்த இடத்தில் இரண்டு துளை போட்ட இரும்புப் பட்டையை மாட்டுங்கள். துளைகளின் தூரம், இசட் உயரம் சரியாக வரும் அளவுக்கு. பின்னால் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே டி உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்து இறுக்குங்கள். இனி மேலே பாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீங்கள் ஏறி நின்றாலும், சேசிஸ் அசையாது. வண்டி நாளை சாலையில் நிற்கப்போகும் நிலையில் இன்றே நிற்கிறது.

அப்புறம் பாடி. மாடலில் அழிப்பான் துண்டுகளை வைத்திருக்கிறேன், அங்கே மரக்கட்டைகள். முன் ஃபெண்டர் வளைவின் நடுவில் சக்கர அச்சு வரும்படி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். உயரத்தைக் கட்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள், குனிந்து பாருங்கள். முன்பக்கம் ஒரு பாகையளவு தாழ்ந்திருந்தால் வண்டிக்கு ஒரு மிடுக்கு வரும். பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் ஏற்றிய லாரி மாதிரி இருக்கும். என் தொழிலில் தினமும் அதைத்தான் பார்க்கிறேன், அழகில்லை.

(காட்சி: சீட்டுக்கட்டிலிருந்து பத்துச் சீட்டை எண்ணி எடுக்கிறேன்.)

இந்தப் பத்துச் சீட்டின் தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். நிஜ வண்டியில் அது 75. மேட்டில் ஏறும்போது சக்கரம் அவ்வளவாவது மேலே போக இடம் வேண்டும். நம் கார்பார்க் மேடுகளில் வேகமாக ஏறியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒட்டிய குச்சியை எடுத்துவிட்டுச் சீட்டைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிறேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புகிறேன். பாருங்கள், டயரின் பின் மூலை ஃபெண்டரைத் தொடுகிறது. நேராக இருந்தபோது தொடவில்லை! நிஜ வண்டியில் இரும்புப் பட்டையைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் கீழ் ஆர்மைத் தூக்கிப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் திருப்பி. பார்த்த பிறகு பட்டையைத் திரும்ப மாட்டிவிடுங்கள். தொட்டால் அழிப்பானுக்கு அடியில் இன்னொரு துண்டு. மவுண்ட் வெல்டிங் இதற்குப் பிறகுதான்.

பின்பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. 3100இன் சக்கர இடைத்தூரம் 116 அங்குலம். நீளப் பெட்டி வைத்த எஸ்-10க்கு 117.9. வித்தியாசம் 48 மில்லிமீட்டர். மாடலில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது, ஆனால் பின் சக்கரம் வளைவின் நடுவில் இல்லை என்று கண் உடனே சொல்லிவிடும். பெட்டியைப் பின்னால் தள்ளினால் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே சந்து தெரியும். மாமா பையன் ஆக்சிலை முன்னால் நகர்த்தினான். நகர்த்தினால் பினியன் கோணத்தை, அதாவது இன்ஜின் பக்கமிருந்து வரும் சுழல்தண்டு ஆக்சிலில் சேரும் கோணத்தை, திரும்பப் பார்க்க வேண்டும், அதுவும் இதே பூட்டிய உயரத்தில். கூடவே ஆக்சிலுக்கு மேல் சேசிஸ் வளைந்து எழும்பும் இடத்தில் பெட்டியின் பலகைத் தளம் இடிக்கும். பலகையைத் தூக்குவது எளிது.

இவ்வளவும் முடிந்து, வண்டி முழுதாகப் பூட்டிய பிறகுதான் ஸ்பிரிங். பட்டையில் நாம் பூட்டிய உயரத்தைச் சுமையோடு தாங்கிப் பிடிக்க வேண்டியது அதன் வேலை. ஒரு முன்சக்கரத்தின் மேல் 2 கிலோ ஏறினால் 1 மில்லிமீட்டர் இறங்கும் என்று உதாரணத்துக்கு வைப்போம். புதுக் கோலத்தில் அந்தச் சக்கரத்துக்கு எஸ்-10ஐவிட 40 கிலோ குறைவென்றால் 20 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். உடனே காயிலை அறுக்கக் கை போகும். பொறுங்கள். காயில், ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே 10 மில்லிமீட்டர் குறைந்தால் சக்கரத்தில் 20 குறையும். அறுத்த காயில் விறைப்பாகவும் ஆகும். நெருப்பு வைத்துத் தளர்த்துவதோ, வேண்டவே வேண்டாம். நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக எடை பார்த்து, அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை வாங்குவது கடைசியில் மலிவு.

(காட்சி: போனில் புதுப் படம். தரையில் நிற்கும் பச்சை பிக்கப்.)

புது ஸ்பிரிங் போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்ப அளக்கச் சொல்லியிருந்தேன், ஸ்பிரிங் கொஞ்சம் அமரும் என்பதால். நேற்று அளந்து அனுப்பினான். வலது பக்கம் சரி, இடது பக்கம் 4 மில்லிமீட்டர் தாழ்வு. அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். கீழே இறங்கி அளந்தாயா என்று கேட்டேன். டேப்பைப் பிடித்தது பக்கத்து வீட்டுக்காரராம், இவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தானாம்.