சருகுக்குள் ஒரு மெதுவான வாழ்க்கை

நேயர்களுக்கு வணக்கம். சிற்றுண்ணி என்றதும் பலருக்கு சிரங்கும், மெத்தைத் தூசியால் வரும் தும்மலும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது நம்மைக் கடிக்காத, நம் கண்ணிலேயே படாத ஒரு கூட்டத்தைப் பற்றி. காட்டில் உதிர்ந்து கிடக்கும் சருகையும் பாசியையும் கொஞ்சம் கிளறினால் போதும், அவை அங்கே இருக்கும். ஒரிபாட்டிடா என்பது அந்தக் கூட்டத்தின் பெயர்.

சிலந்தி, தேள் இனத்தின் உறவுகள் இவை. வளர்ந்தவற்றுக்கு எட்டுக் கால்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. கெட்டியான பழுப்பு ஓடு மூடியிருப்பதால், நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டி வண்டு என்றே நினைக்கத் தோன்றும். பெரும்பாலானவற்றுக்குக் கண் கிடையாது. உடலின் முன்பக்கத்தில் இரண்டு குழிகளிலிருந்து எழும் உணர்முடிகள் காற்றின் அசைவையும் அதிர்வையும் அறிகின்றன.

சிலந்தியும் தேளும் இரையைக் கரைத்து உறிஞ்சும். ஒரிபாட்டிடுகளோ திட உணவைக் கடித்து, நறுக்கி விழுங்கும். பூஞ்சை, பாசி, மட்கிய இலை என எதுவும் உணவாகும். இலைச் சருகு மண்ணாகும் வேலையில் இவை நேரடியாகத் தின்று முடிப்பது சிறு பங்குதான். பூஞ்சைகளை மேய்ந்து கட்டுக்குள் வைப்பது, அவற்றின் வித்துகளைச் சுமந்து பரப்புவது, இலைத் துணுக்குகளை நுண்ணிய எச்சமாக்கி பாக்டீரியாவுக்கு ஏற்றதாக்குவது என்று மறைமுகமாகச் செய்யும் வேலைதான் பெரிது. எண்ணிக்கையும் அதற்கு ஏற்றபடி இருக்கிறது. குளிர்ப்பிரதேச ஊசியிலைக் காடுகளில் ஒரு சதுர மீட்டர் தரையில் லட்சத்துக்கும் மேல் இருக்கலாம்.

இத்தனை இருந்தும் இவை வேகமாகப் பெருகுபவை அல்ல, எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். முட்டையிலிருந்து ஆறு கால்களோடு இளரி, அதாவது லார்வா, வெளிவரும். பிறகு மூன்று இளம்பருவங்களைக் கடந்து, ஒவ்வொரு முறையும் தோலுரித்து, கடைசியில்தான் முழு வளர்ச்சி. மிதவெப்பப் பகுதிகளில் இதற்கே பல மாதங்கள், சிலவற்றுக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். முட்டைகளும் குறைவு. வளர்ந்தபின் நீண்ட காலம் வாழ்வதால்தான் கணக்கு சரியாகிறது. உழுதோ மிதித்தோ மண்ணைக் குலைத்துவிட்டால் இவை பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் ஆவதற்கும் இதுவே காரணம். ஒரு மண் எவ்வளவு காலம் தொந்தரவு இல்லாமல் கிடந்தது என்று கேட்டால், அதிலுள்ள ஒரிபாட்டிட் இனங்களைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மண் ஆய்வில் இந்தச் சாட்சிக்கு இன்னும் அதிக மதிப்பு தர வேண்டும் என்பது என் கருத்து.

இனப்பெருக்கத்தில் அடுத்த ஆச்சரியம் காத்திருக்கிறது. இருபாலும் உள்ள இனங்களில் ஆணும் பெண்ணும் சேர வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆண் ஒரு சிறு காம்பின் நுனியில் விந்துப் பொதியை வைத்துவிட்டுப் போய்விடும், அந்தப் பக்கம் வரும் பெண் அதை எடுத்துக்கொள்ளும். இதற்கும் ஒரு படி மேலே போய், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இனங்களில் பெண்கள் ஆணின்றியே பெண்களைப் பெறுகின்றன. உலகின் பல பகுதிகளிலும் காணப்படும் ஒப்பியெல்லா நோவா அப்படி ஓர் இனம். அதன் ஒவ்வொரு குரோமோசோமின் இரு பிரதிகளும் தனித்தனியே வெகுதூரம் விலகிப் போயிருப்பதை 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. மிக நெடுங்காலமாகக் கலப்பே நடக்கவில்லை என்பதற்கு அது வலுவான அடையாளம்.

இவ்வளவு மெதுவாக நடப்பவை தப்பிப் பிழைப்பது எப்படி? ஓடு முதல் காவல். சில இனங்கள் அந்த ஓட்டில் சுண்ணாம்புச் சத்து உப்புகளைப் படிய வைத்து இன்னும் உறுதியாக்குகின்றன. வேறு சில, ஆபத்து வந்தால் கால்களை உள்ளே இழுத்து முன்பாகத்தை மூடிபோல் மடித்துக்கொள்ளும். அப்புறம் பல இனங்களுக்கு உடலின் இருபுறமும், எதிரியை விரட்டும் பொருள்களைச் சுரக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. மத்திய அமெரிக்காவின் நச்சுத் தவளைகள் தங்கள் தோலில் சேமிக்கும் ஆல்கலாய்டு என்ற நச்சுப் பொருள்களில் கணிசமான பகுதி, அவை தின்னும் ஒரிபாட்டிடுகளிலிருந்தே வருகிறது. ஆடு மாடுகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மோனீசியா என்ற நாடாப்புழு தன் இளம்பருவத்தை இந்தச் சிற்றுண்ணிகளுக்குள் கழிக்கிறது. புல்லோடு அவற்றை விழுங்கும் கால்நடைக்குப் புழு தொற்றுகிறது.

வகைப்பாட்டில் இவை அக்காரிபார்மஸ் என்ற பெரும் பிரிவில் வருகின்றன. ஆடு மாடு, நாய்களில் ஒட்டி இரத்தம் குடிக்கும் உண்ணிகள் இடம்பெறுவது வேறு பிரிவான பாரசிட்டிபார்மஸில். ஒரிபாட்டிடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு விவரணை எழுதப்பட்டுள்ளது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கில்போவாவில் கிடைத்த புதைபடிவங்கள் இவை டெவோனியன் காலத்திலேயே, அதாவது சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இருந்ததைக் காட்டுகின்றன.

தொடக்கத்தில் சொன்ன சிரங்குச் சிற்றுண்ணியும் தூசிச் சிற்றுண்ணியும் அஸ்டிக்மாட்டா என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் அதை ஒரிபாட்டிடாவுக்குச் சமமான தனிப் பிரிவாக வைத்திருந்தார்கள். 1998-ல் சிற்றுண்ணி ஆய்வாளர் ராய் நார்ட்டன், உடலமைப்புச் சான்றுகளைக் கொண்டு, அஸ்டிக்மாட்டா ஒரிபாட்டிடாவுக்குள்ளிருந்தே கிளைத்தது என்று வாதிட்டார். இன்று வகைப்பாட்டாளர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள். சருகு தின்ற வம்சத்தின் ஒரு கிளைதான் விலங்குத் தோலிலும் நம் மெத்தையிலும் குடியேறியிருக்கிறது.

நேரில் பார்க்க ஆசை இருந்தால், இத்தாலிய விஞ்ஞானி அந்தோனியோ பெர்லேசி 1905-ல் அறிமுகப்படுத்திய புனல் முறையைத் தழுவிய இந்த வழி எளிது. ஒரு புனலுக்குள் சல்லடை வைத்து, அதில் ஒரு கைப்பிடி ஈரச் சருகைப் பரப்புங்கள். கீழே சாராயம் ஊற்றிய சிறு குப்பி. மேலே சூடு தரும் குண்டு பல்பை, சருகைத் தொடாத உயரத்தில் எரியவிடுங்கள். சருகு மேலிருந்து கீழாகக் காயக் காய உயிர்கள் ஈரம் தேடிக் கீழே போய்க் குப்பியில் விழும். துள்ளும் பூச்சிகள் சீக்கிரம் வந்துவிடும். ஒரிபாட்டிடுகள் நிதானமாகத்தான் இறங்கும், ஆகவே சருகு முழுவதும் காயும்வரை, சில நாட்களாவது, புனலைக் கலைக்காதீர்கள். வணக்கம்.