பிக்காடிலி சிலையும் ஒரு தங்கக் கடிகாரமும்

வணக்கம் மக்களே. லண்டன் பிக்காடிலி சர்க்கஸில் நிற்கிறேன். எனக்குப் பின்னால், ஒற்றைக் காலில் வில்லோடு நிற்கிற சிறகு வைத்த சிலை தெரிகிறதா? கிரேக்கக் காதல் கடவுள் 'ஈராஸ்' என்று சொல்லி எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1893-இல் திறந்த இந்த நீரூற்று ஒரு மனிதருடைய நினைவுச்சின்னம். ஆந்தனி ஆஷ்லி கூப்பர், ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. வேலையில் வதைபட்ட குழந்தைகளுக்காக நாடாளுமன்றத்தில் போராடியவர். பக்கத்திலிருந்து பிரிந்து போகிற சாலைக்கும் அவர் பெயர்தான்.

1801-இல் பெரிய பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். ஆனால் பெற்றவர்களுடைய பாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் வேலை பார்த்த மரியா மில்லிஸ் அம்மாதான் பக்கத்தில் உட்காரவைத்து ஜெபம் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மா இறக்கும்போது தன் தங்கக் கடிகாரத்தை இவருக்கு விட்டுவிட்டுப் போனார். கடைசிவரை அவர் வைத்திருந்தது அந்தக் கடிகாரத்தைத்தான். யாராவது கேட்டால், தனக்கு வாய்த்த மிக நல்ல சிநேகிதி கொடுத்தது என்பாராம்.

25 வயதில் நாடாளுமன்றம் போனார். 1842-இல் சுரங்கக் குழந்தைகளைப் பற்றிய அரசு அறிக்கை படங்களோடு வெளிவந்தது. சுரங்கப் பாதையில் நிலக்கரி வண்டி வரும்போது அங்கிருக்கிற கதவைத் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். காற்றோட்டம் தப்பக் கூடாது. அதற்காக ஐந்தாறு வயதுப் பிள்ளைகளைப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் உட்காரவைத்திருந்தார்கள். என் அக்கா மகனுக்கு ஆறு வயது. கரண்ட் போனால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். அவனை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கங்களைப் படித்து முடித்தேன்.

அதே வருடம் ஷாஃப்ட்ஸ்பரி மசோதா கொண்டுவந்தார். சுரங்க முதலாளிகளான பிரபுக்களே மேலவையில் எதிர்த்தார்கள், சில பகுதிகளை வெட்டினார்கள். அப்படியும் பெண்களும் பத்து வயதுக்குக் கீழே உள்ள பையன்களும் நிலத்தடியில் வேலை செய்வதற்குச் சட்டப்படி தடை வந்தது.

புகைபோக்கிக்குள் ஏறித் துடைக்கிற சிறுவர்கள் விஷயம்தான் அவரை ரொம்பக் காலம் அலைக்கழித்தது. தோல் காய்த்துப்போக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளின் முட்டியிலும் முழங்கையிலும் உப்புத் தண்ணீர் தேய்த்து, நெருப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். இதைத் தடுக்க 1840-லேயே சட்டம் வந்துவிட்டது. யாரும் மதிக்கவில்லை. 1864-இல் இன்னொன்று வந்தது, அதற்கும் அதே கதி. சட்டம் போட்டால் போதாது, கண்காணிக்க ஆள் வேண்டும் இல்லையா? 1875-இல் கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு மனநலக் காப்பகத்தின் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கி, வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் இறந்துபோனான். ஷாஃப்ட்ஸ்பரி மறுபடியும் எழுந்தார். இந்தத் தடவை, போலீஸில் உரிமம் வாங்காமல் யாரும் இந்தத் தொழிலே செய்ய முடியாது என்று சட்டம் வந்தது. பையன்களை உள்ளே ஏற்றுவது அதோடு முடிவுக்கு வந்தது. அப்போது அவருக்கு 74 வயது.

1885-இல் காலமானார். பெரிய மனிதர்களைப் புதைக்கிற லண்டன் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தயாராக இருந்தும், தன் ஊரான செயின்ட் ஜைல்ஸில்தான் புதைக்கச் சொல்லியிருந்தார். அடுத்த விடுமுறையில் அங்கே போகிறேன். உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன், சரியா?